மீன் தண்ணீரும் நோர்பரிக் கூரைச் சாடிகளும்

எனக்குப் பயப்படக் காரணம் தேவையில்லை. கதவில் யாராவது தட்டினால் பயம். தபால் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு, இந்த நாட்டில் யார் எதைச் சொன்னாலும் ஓமென்று தலையாட்டுவதுதான் பாதுகாப்பாகப் பட்டது. அப்படிப்பட்ட நான் ஒருவருடைய முகத்துக்கு நேரே ஏலாது என்று சொன்னது, என் செடிச் சாடிகளுக்காகத்தான்.

லண்டன் நோர்பரியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறோம். கடையும் வீடும் ஒரே ஆளுடையவை. அவரும் யாழ்ப்பாணம்தான், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். சமைக்கிற குசினியின் கதவைத் திறந்தால் கடையின் பின்பக்கத்துத் தட்டைக் கூரை. அதுதான் எங்கள் மொட்டைமாடி. பின் சந்திலிருந்து ஓர் இரும்புப் படி அதற்கு ஏறி வரும். நாங்கள் வந்த புதிதில் அங்கே உடைந்த பிரிட்ஜும் புறா எச்சமும்தான் கிடந்தன. அண்ணையிடம் கேட்டு, சுத்தம் செய்து, மண்பைகளை அந்தப் படிவழியே நானே சுமந்து ஏற்றினேன்.

மார்ச் கடைசியில் நாடே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிவிட்டால், வேலை முடிந்து வரும்போதும் வெளிச்சம் இருக்கும். கோட்டைக் கழற்றாமலே கூரைக்குப் போய்விடுவேன். சந்தில் நிற்கும் செரி மரம் பூத்து, இதழெல்லாம் சாடிக்குள் வந்து விழும். குளிர்காலம் முழுக்க ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றிய கறிவேப்பிலையை வெயிலுக்குத் தூக்கிவந்து, புதுத் துளிர் வந்ததா என்று தடவித் தடவிப் பார்ப்பேன். வசந்தம் என்பதை ஊரில் பாட்டுகளில்தான் கேட்டிருந்தேன். இங்கேதான் அது என் தோலில் பட்டது. அந்த நேரத்திலும் கவலை விடாது. உறைபனி என்று போன் காட்டினால் மிளகாய்க் கன்றுகளைப் பழைய பெட்ஷீட்டால் மூடுவேன். மூடியபின் மூச்சு முட்டுமோ என்று யோசிப்பேன்.

இந்த வருடம் வினை மீன் தண்ணீரால் வந்தது. மீன் கழுவின தண்ணீரைச் சிங்கில் ஊற்ற எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. மிளகாய்க்கு அதுபோல உரம் வேறு உண்டா? நானும் ஊற்றினேன். இரவில் தெருவெல்லாம் அலையும் லண்டன் நரிகள் அந்த மணத்துக்கு வருமென்று நினைக்கவில்லை. ஒரு காலையில் கதவைத் திறந்தால் சாடிகள் கவிழ்ந்து, கன்றுகள் வேரோடு கிடந்தன. பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவின் கூரைப்பக்கமும் ஒரே மண்ணும் நரியின் அசிங்கமும்.

என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "நீ நரிக்கு மீன் சொதி வைச்சால் அது வராமல் என்ன செய்யும்?" என்றார்.

அந்த அம்மா அண்ணையிடம் முறையிட்டார். அண்ணை போன் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு சாடியும் அங்கே நிற்கக்கூடாது என்றார். எடுத்துவிடு என்றுதான் கணவரும் சொன்னார். வாடகை வீடு, எழும்பச் சொன்னால் எங்கே போவது என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒரு சாடியைத் தூக்கப் போன கை அதைத் தூக்கவில்லை. மீன் மணத்த மேல் மண்ணை வழித்தெடுத்துப் புது மண் போட்டேன். படியின் மேல் வாசலில் கம்பிவலை கட்டினேன். அந்த அம்மாவின் பக்கத்தைக் கழுவிக் கொடுத்து, என் உடைந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிறு அண்ணை எங்கள் குசினிவழியாகக் கூரைக்கு வந்தார். சாடிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

"என்னக்கா, நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்கினதண்ணை. மீன் தண்ணி இனி ஊத்த மாட்டன். சாடி எடுக்க ஏலாது."

அவர் சிரித்தார். "இது லண்டன் அக்கா. கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் கீழ கடையில கிடக்கு. வந்து எடுங்கோவன்."

"உங்கட கடை மிளகாய் உறைக்குதில்லையண்ணை. அதோட, என்னால உங்கட யாவாரம் படுக்குதெண்டு பயமோ?"

குசினிக்குள் கணவர் இருமினார். அண்ணையின் முகம் மாறியது. "வாய் கூடிப்போச்சு. நான் நினைச்சால் வேற ஆளை இருத்துவன், தெரியுமோ?"

தெரியும். அந்தப் பயத்தோடுதான் எத்தனையோ வருடம் படுத்து எழும்பினேன். ஆனாலும் சொன்னேன். "கேட்டுத்தானே அண்ணை வைச்சனான். நரி இனி வராது. வந்தால் அண்டைக்குக் கதைப்பம். இண்டைக்கு எடுக்க மாட்டன்."

அவர் கம்பிவலையைக் காலால் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. நான் உள்ளே போய், ஜன்னலோரம் முளைக்க வைத்திருந்த பாவற்காய்க் கன்றுகளைத் தட்டோடு கொண்டுவந்து, அவர் முன்னாலேயே குந்தியிருந்து நடத் தொடங்கினேன். பாவலை இன்னும் வெளியே வைக்கும் காலமில்லை. குளிர் பட்டால் சுருண்டுவிடும். அதுவும் எனக்குத் தெரியும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அண்ணை," என்றேன். "மண்பையில நிக்கிறியள்."

அவர் தள்ளி நின்றார்.