சாமி மாலை போட்ட பாத்தி

பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. சேத்தியாத்தோப்பில் கட்டிக் கொடுத்திருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்கில் கெட்டிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் பெயர். விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்து, பதினோராம் நாள் காலையில், "இன்னிக்கு ஊருக்குப் போறீங்களா அத்தே?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டு வைத்தேன். அம்மா என் தொடையைத் திருகினாள். ஆனால் அதே கேள்வியை அம்மாவும் அப்பாவிடம் அடுப்படியில் இரண்டு முறை கேட்டிருந்தது எனக்குத் தெரியும். இரண்டு அறை வீடு. இன்னொரு ஆள் என்றால் இன்னொரு பாய் விரிக்க இடம் வேண்டும் இல்லையா?

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் அப்பா பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த வரிசையில் கொல்லைப்புறம் என்று பெயருக்கு ஓர் இடம் உண்டு. பல வருஷமாகச் சூளைக் கழிவையும் உடைசலையும் கொட்டி மேடுதட்டிய நிலம். மழை பெய்தால் வழுக்கும், வெயிலடித்தால் கடப்பாரைகூட இறங்காது. அம்மா ஒரு முறை மிளகாய்ச் செடி வைத்துப் பார்த்தாள். அது இரண்டு இலை விட்டு, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அந்த இடம் துணி காயப்போட மட்டும்தான்.

அத்தையால் சும்மா இருக்க முடியாது. நாலு நாள் அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அஞ்சாம் நாள் அப்பாவிடம் கோணிப்போன ஜாடிகள் கேட்டாள். சூளையில் வெந்து நெளிந்ததும் விரிசல் விட்டதுமாக வெளியே மலைபோலக் குவித்துப் போட்டிருப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்பா சைக்கிளில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து போட்டார். அத்தை அவற்றைக் கவிழ்த்துச் சுற்றுச்சுவர் மாதிரி வரிசையாக வைத்து, கட்டில் அகலத்துக்கு இரண்டு பாத்தி கட்டினாள். தரையைத் தோண்டவே இல்லை. "கீழ எறங்காத மண்ண எதுக்குக் கெஞ்சணும்? மேலயே மண்ணு பண்ணிக்கலாம்" என்றாள். மண்ணைப் பண்ண முடியும் என்று நான் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்.

பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டிகள் வழியெல்லாம் காய்ந்த சோகை இலைகளை உதிர்த்துக்கொண்டு போகும். அதைப் பொறுக்கி வந்து அடியில் பரப்பினாள். அதன்மேல் சாணி, அடுப்புச் சாம்பல், காய்கறித் தோல், ஒரு கூடை ஏரி வண்டல். எங்கள் வீட்டில் எச்சில் இலையைக்கூட வெளியே எறிய விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போவாள். மதிலோரம் கழித்துப்போட்ட மாலைகள் குவிந்து கிடக்கும். முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டு வந்து, வாழைநாரைத் தனியாக உருவி எடுத்துவிட்டு, பூவையெல்லாம் பாத்தியில் போட்டு மூடுவாள். முழங்கால் உயரத்துக்கு ஏறும் பாத்தி பத்து நாளில் பாதியாகத் தணியும். மறுபடி போடுவாள். இரண்டு மாசத்தில் கையை விட்டால் மணிக்கட்டுவரை இறங்குகிற கறுப்பு மண் அங்கே இருந்தது. கத்திரி நாற்று நட்டாள்.

மாலை விஷயத்தை அம்மாவிடம் உளறியது நான்தான். அம்மா பதறிப் போனாள். சாமி கழுத்தில் கிடந்த பூ, கால் படாத இடத்தில் போட வேண்டியதை, சாணியோடு போட்டு மிதித்துவிட்டோமே என்று. "எங்க வூட்டுக்கு வந்து எதுக்கும்மா இப்படிப் பாவத்த சேக்கற?" என்று அத்தையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அம்மா தனக்குத் தானே ஒரு பரிகாரம் கண்டுபிடித்தாள்: இந்தப் பாத்தியில் காய்க்கிறது எதுவும் மீனோடும் கருவாட்டோடும் சேரக் கூடாது.

இதில் மாட்டிக்கொண்டவர் அப்பா. கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு என்றால் அவர் உயிரை விட்டுவிடுவார். கடையில் வாங்கிச் செய்யலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கொல்லையில் கூடை கூடையாகக் காய்த்துத் தொங்கும்போது காசு கொடுத்துக் கத்திரிக்காய் வாங்க அம்மா சம்மதிப்பாளா? அப்பா வெறும் கருவாட்டோடு மனசைத் தேற்றிக்கொண்டார்.

காய்ப்பு தொடங்கின சமயம், ஒரு வெள்ளிக்கிழமை, அத்தைக்கு எண்ணெய் தேய்த்து முதுகு தேய்த்துவிட அம்மா போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. கண் சிவந்திருந்தது. சீயக்காய் பட்டுவிட்டது என்றாள். சீயக்காய் அத்தை தலைக்குத்தானே, அம்மா கண்ணுக்கு எப்படிப் போயிற்று என்று யோசித்தேனே தவிர வேறெதுவும் தோன்றவில்லை. ராத்திரி அப்பாவிடம், அத்தை முதுகெல்லாம் தழும்பு என்று அம்மா கிசுகிசுத்தது காதில் விழுந்தது; அம்மை போட்ட தழும்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அத்தை எப்போது ஊருக்குப் போவாள் என்று அம்மா அடுப்படியில் கேட்கவில்லை.

அடுத்த மாசமே மாமா வந்தார், அத்தையை அழைத்துப்போக. நெல் மண்டியில் வேலை பார்த்தவர். எனக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கி வருவார். சாமி என்றால் அப்படி ஒரு பயம்; பஸ்ஸில் போகும்போது கோபுரம் தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அம்மா அவருக்கு மோர் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குக் கூட்டிப் போய்ப் பாத்தியைக் காட்டினாள்.

"சாமி மாலை போட்டு வளத்த செடிங்கண்ணே. நட்ட கைதான் தண்ணி ஊத்தணுமாம். காய் ஓயறதுக்குள்ள வுட்டுட்டுப் போனா குத்தமாயிடும்னு கோயில்லயே சொல்லிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

கோயிலுக்கு ஒவ்வொரு தடவையும் அத்தையோடு போனவள் நான். அப்படி யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைச் சோடா வாங்கிவர அனுப்பிவிட்டாள். மாமா பாத்தியை விட்டு இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, காய் ஓயட்டும் என்று சொல்லிப் போய்விட்டார்.

காய் ஓயவே இல்லை. கத்திரி தளர்வதற்குள் வெண்டை பிடித்துவிட்டது. வெண்டைக்கு நடுவிலேயே புதுக் கத்திரி நாற்று. மாமா இரண்டு மூன்று முறை வந்தார். வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று பூவும் பிஞ்சுமாக நின்றது. எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு பயிர் முடிவதற்குள் இன்னொன்றை நட்டு வைத்துவிட்டு ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறாளே, இந்தச் சாதாரணக் கணக்குகூட அவளுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், செடி ஓய்ந்திருந்தால் கையோடு அழைத்துப்போகிறேன் என்று. அத்தை அதைப் பாத்தியோரம் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். அன்றே ஒரு தீர்மானமும் செய்தேன்.

மறுநாள் விடியும்போது, வயிற்றுவலி என்று சொல்லி நான் நின்றுகொண்டதால், அத்தை தனியாகக் கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா தெருக்குழாயில் வரிசையில் நின்றாள். அப்பாவுக்குச் சூளை முறை. நான் கொல்லைக்குப் போய் கத்திரி, வெண்டை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். அத்தை அப்படிப் பக்குவம் பண்ணியிருந்த மண். ஒரு செடிகூட முரண்டு பிடிக்கவில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு பாத்தியும் காலி. அத்தை வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொள்வாள் என்று வாசலில் காத்திருந்தேன்.

அம்மாதான் முதலில் வந்தாள். அன்று வாங்கிய அடியைப் போல நான் முன்னேயும் வாங்கவில்லை, பின்னேயும் வாங்கவில்லை. "அத்தை ஊருக்குப் போறதுக்குத்தான்" என்று நான் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல அடி கூடியது. அத்தை வந்தாள். மடியிலிருந்த மாலையைக் கீழே போட்டாள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, பிடுங்கின செடிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட ஆரம்பித்தார்கள். சாய்ந்ததைக் குச்சி வைத்து வாழைநாரால் கட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். சாகப்போகிற செடியை எதற்கு இப்படி நட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அடி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பதினோரு மணி பஸ்ஸில் மாமா வந்தார். அதற்குள் வெயில் ஏறி, செடியெல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். "என்ன, எல்லாம் ஓஞ்சாப்ல இருக்குது?" என்றார். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா, செடிக்கு என்ன ஆச்சு?"

பிடுங்கினது நான் என்று தெரிந்தால் சாமி குத்தம் என் தலையில்தான் விடியும் என்று எனக்குப் பயம்.

"அத்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல் மாமா. நான்தான் தண்ணி ஊத்தினேன். வேற கை பட்டதும் இப்படி ஆயிடுச்சு."

மாமா முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக் கழற்றி, பாத்தியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நீயே இருந்து பாத்துக்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் அவர் தலை மறைந்ததும், காலையில் என்னை அடித்த கை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பொய் சொன்னதற்கு இன்னொரு சுற்று விழும் என்று பயந்து கிடந்தவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அதைவிட ஆச்சரியம் அத்தை. பிடுங்கின செடிகளிலிருந்த பிஞ்சுகளையெல்லாம் பறித்து அம்மா ஒரு குழம்பு வைத்தாள். அத்தை மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். தட்டை வழித்தாள். இடையில் என்னைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள். பாவம், இன்றைக்கும் ஊருக்குப் போக முடியாமல் போய்விட்டதே, இந்தத் துக்கத்தில் ஒருத்திக்கு எப்படி இப்படிப் பசிக்கும் என்று நினைத்தபடி நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.