அன்புக்குப் போட்ட இரண்டு பட்டைகள்

சென்னையில் நடுத்தெருவில் ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து பாருங்கள். கம்பியை எடுத்து முட்டுக் கொடுப்பதற்குள் உங்களைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் பால் பாக்கெட் இருக்கும். ஒருவர் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டரை ஓரங்கட்டியிருப்பார். "பேட்டரிதான்" என்பார் ஒருவர். "பேட்டரின்னா ஹார்ன் எப்படி சார் அடிக்கும்?" என்பார் இன்னொருவர். இருவருக்கும் வாக்குவாதம் முற்றும். வண்டிக்காரனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வண்டி கிளம்பிவிட்டால் எல்லா முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நன்றி சொல்லத் திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், மார்க்கெட் வாசலிலேயே நான் வண்டிக்கடியில் படுத்து வேலை பார்த்திருக்கிறேன். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. தன் கடைக்குப் போகும் வழியில் என் கால் நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு சீனக் கிழவி மட்டும் அதைத் தள்ளி வைக்கச் சொன்னாள். என்னைப் போன்ற கூச்ச சுபாவக்காரனுக்கு இந்த இரண்டு ஊரில் எது தோது என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

மலேசியாவில் இருக்கும் உங்களுக்கு என் கதை புதிதாக இருக்காது. நம் காசின் மதிப்பு சரிந்தபோது பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. என் பட்டறை முதலாளியான சீனத் தவுக்கேயும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். நம் ஆட்கள் பலர் சிங்கப்பூர் பக்கம் போனார்கள். நான் மனைவி பிறந்த ஊருக்கு வந்தேன். சாந்தி மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவள். அத்தனை வருஷமும் நம் ஊர் மழையைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊர் வெயிலைக் குறை சொல்கிறாள். கோட்டூர்புரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். மகளைச் சாந்தோமில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். சாந்தியின் அண்ணன் தாமோதரனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை இருக்கிறது. சரக்கு வேன்களுக்கு பாடி கட்டும் இடம். நானும் அங்கேயே சேர்ந்துகொண்டேன்.

செந்தில் என்றொரு இளைஞன் ஒருநாள் அந்தப் பட்டறைக்கு வந்தான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தின் இளைய பிள்ளை. ராணுவ ஏலத்தில் எடுத்த அச்சுகளோடு ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கி வைத்திருந்தான். அதை மணல், ஆற்றுப் படுகை, கல், பள்ளம் எல்லாவற்றிலும் ஓட்ட வேண்டும் என்றான். என்றாவது ராஜஸ்தான் மணலில் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய கனவு. மச்சான் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்பி, ரோடு இருக்கும்போது ஏன் ரோடு இல்லாத எடத்துல போகணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மெட்ராஸ்காரர்களுக்கு யாரோ தோண்டி யாரோ மூட மறந்த தெருக்களே போதும்.

ஆனால் எனக்கு அவன் கேட்டது புரிந்தது. ஈப்போவில் நாங்கள் செய்த வேலையே அதுதான். மரம் வெட்டுகிற காட்டுப் பாதைகளிலும், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துச் சேற்றிலும் போகிற வண்டிகளுக்குச் சக்கரம் நிறைய ஏறி இறங்கும்படி சஸ்பென்ஷன் கட்டுவோம். சாதாரண வண்டியின் சக்கரம் ஒரு சாண் ஏறுவதே அதிகம். இதில் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கீழே அச்சோடு சேர்த்து அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள் வில்லாக வளைந்து நிமிரும், மேலே ஆள் ஆடாமல் உட்கார்ந்திருப்பான். அதற்குப் பட்டைகள் நீளமாகவும் மெல்லிசாகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும். தவுக்கே ஒரு தாளில் படம் வரைந்து பட்டை அடிக்கிற கடைக்கு அனுப்புவார். படத்தில் இருந்தபடியே வந்துசேரும். அந்தக் கடைக்காரனும் நாங்களும் முகம் பார்த்துப் பேசியதுகூடக் கிடையாது.

"நான் செய்றேன்" என்றேன். நான் சொன்னதைக் கேட்டு மச்சானைவிட எனக்குத்தான் அதிக ஆச்சரியம். அன்று சாயங்காலம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாப்ள, இது ஓடிச்சுன்னா இந்த ஷெட்ல பாதி உன்னுது. நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. ஓடலைன்னா, வேன் பாடிக்கு எனக்கு ஆள் இருக்கு. தங்கச்சி புருஷன்றதுக்காக உன்ன சும்மா உக்கார வெச்சு மரியாத பண்ண என்னால முடியாது." இதே நேரத்தில் ஈப்போவிலிருந்து தவுக்கேயும் தகவல் அனுப்பியிருந்தார், ஒரு ஆளுக்கு வேலை இருக்கிறது என்று. ஒரு ஆளுக்குத்தான். சாந்தி கறாராகச் சொல்லிவிட்டாள். "பொண்ணு படிப்ப நடுவுல பிடுங்க முடியாது. போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க. நாங்க இங்கயே இருக்கோம்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டிருந்தாள். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

பட்டை அடிக்கக் கன்னியப்பனிடம் போனேன். பட்டறைக்குப் பின் தெருவில் உலையோடு உட்கார்ந்திருப்பார். சுற்று வட்டாரத்து லாரிகள் எல்லாம் அவர் பட்டையில்தான் நிற்கின்றன. நான் படம் வரைந்து கொடுத்தேன். அவர் அதை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவ்ளோ கம்மியா கீது? வண்டி குந்திக்குமே!"

"லோடு ஏத்த மாட்டாங்க" என்றேன்.

"லோடு ஏத்தாத பிக்கப்பா? அப்பால எதுக்கு பின்னால தொட்டி? பூச்செடி வைக்கவா?"

எனக்குப் பதில் இருந்தது. நீளமான பதில். அவர் உலையருகே டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைச் சுருக்கிவிட்டேன். "படத்துல இருக்கறபடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "நீ போய்க்கினே இரு நைனா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஈப்போவில் ஒருவன் "பார்த்துக்கொள்கிறேன்" என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இங்கே அது ஆரம்பம்.

பட்டைகள் வந்த அன்று நான் புதுப்பேட்டையில் நீளமான ஷாக் அப்சார்பர் தேடிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு பஸ்ஸிலிருந்து கழற்றிய ஜோடி ஒன்று அகப்பட்டது. திரும்பி வருவதற்குள் கன்னியப்பனே நேரில் வந்து பின் பட்டைகளை மாட்டி, கறுப்புப் பெயின்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். இருட்டப் போகிற நேரம். நான் ஷாக்கை மட்டும் பொருத்திவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூஜை போடாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது என்றார் மச்சான். செந்திலின் அப்பா வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எத்தன பேல் ஏத்தலாம்வே?" என்று கேட்டார். துணி மூட்டைகளைத்தான் சொல்கிறார். "பேல் ஏத்த இல்லப்பா" என்றான் செந்தில். அவர் காதில் வாங்கவில்லை. சாந்தியும் மகளும் பூ கட்டி எடுத்து வந்திருந்தார்கள். சூடம் ஏற்றியாயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் பொறுப்பு என்னுடையது. பின் சக்கரத்துக்கு வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் படத்தில் இருந்ததைவிட இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. இந்தப் பக்கமும் அப்படியே, அந்தப் பக்கமும் அப்படியே.

நிமிர்ந்தேன். கன்னியப்பன் விபூதிப் பட்டையோடு, சலவைச் சட்டையில், எதிரே நின்று சிரித்தார். பக்கத்தில் வந்து காதோடு சொன்னார். "ரெண்டு சேத்து வுட்டுக்கீறேன் நைனா. துட்டு வாணாம். ஊரு வுட்டு ஊரு வந்த மன்சன், முத வண்டியே குந்திக்கினா உன் பேரு இன்னாத்துக்காவும்?"

ஈப்போவில் கேட்டது கிடைக்கும். சென்னையில் கேட்டதோடு அன்பும் சேர்ந்து கிடைக்கிறது. அந்த அன்பு கெட்டி இரும்பாக இருந்தது. அதற்குள் மணி அடித்து, பூசணிக்காய் உடைத்தாயிற்று, அண்ணாச்சியும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருமாகத் திருவான்மியூரைத் தாண்டிய மணல்மேடுகளுக்குப் போனோம். வேலிக்காத்தானும் மீன் வலைகளும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. செந்தில் முதல் மேட்டில் ஏற்றினான். பின்பக்கம் லாரியைப் போலத் தூக்கி அடித்தது. செந்திலின் தலை கூரையில் மோதியது. இரண்டாவது மேட்டில் ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் சுழல, மற்றது மணலைத் தோண்டிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் சேர்ந்து தள்ளி வெளியே எடுத்தோம். செந்தில் தலையைத் தேய்த்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான்.

நான் ஈப்போவில் எந்த மாதம் மழை குறைவு என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அப்போது அண்ணாச்சி கீழே இறங்கி, பின் பட்டையைக் காலால் ஓர் உதை உதைத்தார்.

"ஏயப்பா, என்ன கெட்டியால்லா இருக்கு! பேல அடுக்குனாலும் அசையாதுவே. கடைக்கு இதே மாதிரி நாலு வேன் போட்ருவோம்."

மச்சானின் முகம் பல்பு போட்டதுபோல ஆனது. என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். அதற்கு அவசியமே இல்லை, நான் எப்போது திறந்திருக்கிறேன்? பேசாமல் நின்றால் போதும், ஷெட்டில் பாதி, கோட்டூர்புரம் வீடு, மகளின் பள்ளி, எல்லாம் என்னோடு இருக்கும். சாந்தியைப் பார்த்தேன். அவளுக்கு இது ஜெயித்ததா தோற்றதா என்று புரியவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தில் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் நெடுநாள் ஆசைப்பட்ட வண்டி இவ்வளவுதானா என்கிற முதுகு அது.

"இது நான் கட்டுன வண்டி இல்ல" என்றேன்.

அலைச் சத்தத்தில் பாதி அடிபட்டுப் போனது. மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. கூச்சக்காரனுக்கு அதைவிடத் தண்டனை வேறில்லை.

"அப்போ யாரு கட்னது? எங்க மாமியாரா?" என்றார் கன்னியப்பன்.

"மாப்ள வெயில்ல நின்னுட்டான், அதான்..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

பேச்சில் நான் ஜெயித்ததே கிடையாது. பின் தட்டிலிருந்து ஜாக்கியையும் சாவிகளையும் எடுத்தேன். மணலில் ஜாக்கி புதைந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "இன்னாபா, கப்பல் கட்றியா?" என்று கேட்டுக்கொண்டே உடைந்த கட்டுமரத் துண்டு ஒன்றை இழுத்து வந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார்கள். பிறகு போகாமல் அங்கேயே உட்கார்ந்தார்கள். நான் போல்ட்டைத் தளர்த்தி, கிளாம்பு போட்டுப் பட்டைக் கட்டை அமுக்கி, நடு ஆணியைக் கழற்றி, கூடுதலாக இருந்த இரண்டு பட்டைகளையும் உருவினேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வந்தபோது கிளாம்பை யாரோ பிடித்துக்கொண்டார்கள். பார்த்தால் கன்னியப்பன். சலவைச் சட்டையோடு மணலில் படுத்திருந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "தப்பாத் திருகாத. மரை போய்டும்" என்றார். அவர் போட்டதை அவரே கழற்றிக் கொடுத்தார். அண்ணாச்சி மட்டும் நிழலில் நின்று, "நல்லா இருந்ததக் கெடுக்கானே" என்று சாந்தியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். "அவர் எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள் அவள். அது உண்மையில்லை. ஆனால் அதைச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

செந்தில் மறுபடி ஏற்றினான். இந்த முறை நான் வெளியிலிருந்து பார்த்தேன். மேட்டில் ஒரு சக்கரம் மடங்கி உள்ளே போனது, மறு சக்கரம் பள்ளத்தைத் தேடிக் கீழே இறங்கியது, வண்டி மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல நேராகப் போனது. அடுத்த மேடு, அதற்கடுத்த மேடு. உள்ளே செந்தில் போட்ட கூச்சல் எங்களுக்குக் கேட்டது. பின் தட்டில் ஏறியிருந்த மீனவர்கள் இருவரும் படகில் நிற்பதுபோல முழங்காலைத் தளர்த்தி நின்றிருந்தார்கள்.

அண்ணாச்சி ஒரு சுற்று வந்து இறங்கினார். "இது என்ன வண்டிவே? தொட்டில்லா!" என்றார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி மகனின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, இவனுக்குத் தொட்டில் இருக்கட்டும். கடைக்கு அந்தக் கெட்டி வண்டியப் போடுங்க. தம்பி, நீரே போடும். உம்ம படத்தப் பாத்து இல்ல, அவரக் கேட்டு." கன்னியப்பனைக் காட்டினார்.

கன்னியப்பன் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "ஓடுது, இல்லன்னு சொல்லல. ஆனா நாலு மூட்ட ஏத்திப் பாரு, குந்திக்கும். அப்போ என்னாண்டதான் வருவே."

அவர் சொன்னதுதான் நடக்கிறது. வாரத்தில் ஆறு நாளும் அவரிடம் போய், பட்டை சேர்த்துக் கெட்டி வண்டிகள் கட்டுகிறேன். எனக்குத் தெரிந்த வித்தைக்கு இந்த ஊரில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது. எனக்குத் தெரியாத வேலையால்தான் சோறு கிடைக்கிறது. தவுக்கேயிடம் வரவில்லை என்று போனில் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. நம் ஊர் ஆட்கள் கேட்கமாட்டார்கள். இங்கே என்றால் போன் பூத்துக்காரரே கேட்டிருப்பார். கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். முன்னால் இடமில்லை. நான் சக்கரங்களை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்றிருந்தேன். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று சாந்தி கூப்பிட்டாள். வீடு என்றதும் என் தலை தன்போக்கில், ஈப்போ இருக்கும் கடல் பக்கம் திரும்பிவிட்டது.

"அங்க என்ன பாக்கறீங்க? அந்தப் பக்கம் ரோடு கிடையாது" என்றாள் சாந்தி. தட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஏறினேன். மிச்சமிருந்தது கடைசி ஓரம்தான். காலைத் தொங்கப் போட்டுப் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். வண்டி மேடுபள்ளம் தெரியாமல் அடையாறை நோக்கிப் போனது. நான் கடலைப் பார்த்தபடியே போனேன்.