விரல் இல்லாத பாதங்கள்

ஆலங்குடாக் கரையில் யாரோ மீன்பிடி போட்டின் ஓட்டையை அடைக்கப் புட்டி வைக்கிறார்கள். பிசைந்த புட்டியின் காரமான மணம் ஜன்னலுக்குள் வருகிறது. வந்ததும் என் விரல்கள் தாமாகவே உருட்டத் தொடங்குகின்றன, ஒன்றுமில்லாத காற்றில் இரண்டு சின்னப் பாதங்களைத் தேடுகின்றன.

தங்கை இத்தாலிக்குப் போகவிருந்த வாரம் அது. அம்மா காலமான பிறகு எங்களுக்கு மிஞ்சிய ஒன்றைத்தான் அவள் கேட்டாள்: நத்தார்க் குடிலில் வைக்கும் பாலன் இயேசு சுரூபம். உள்ளங்கை அளவு, சுண்ணச்சாந்து. ஒவ்வொரு நத்தார் இரவும் பூசை முடிந்து வந்து, அம்மாதான் முதலில் அதன் பாதங்களில் உதடு ஒற்றி முத்தி செய்வார். பிறகு நாங்கள். முத்தி பட்டுப் பட்டு வர்ணம் போய், விரல்களும் போய், கடல் அலசிய சிப்பிபோலப் பாதங்கள் வழுவழுத்திருந்தன.

கொடுக்க மனம் வரவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயும் வரவில்லை. அவளே சொன்னாள்.

"முழுப் பாலன் அங்கயும் கிடைக்கும். எனக்குக் கால் மட்டும் செஞ்சு தா. போட்டுக்கே ஓட்டை அடைக்கிற ஆள்தானே நீ."

"போட் பென்னாம்பெரிசடி. இது நகத்தளவு."

"அப்ப கண்ணாடியப் போடு, கிழவா."

சுடுதண்ணீரில் இளகி, ஆறினால் இறுகும் அச்சுக்கட்டி ஒன்று வாங்கினேன். எத்தனை தரமும் பாவிக்கலாம். பாதங்களுக்கு எண்ணெய் தொட்டு, இளகியதை அழுத்தி, ஆறவிட்டுக் கழற்றினேன். இரண்டு நிறக் களிம்பாக வரும் புட்டியை ஒரே நிறமாகும்வரை பிசைந்து உள்ளே திணித்தேன். வெளியே வந்தவை மொட்டைப் பாதங்கள். பழுது பார்த்தே பழகிய கை என்னுடையது. குறையை அப்படியே விட அதற்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் புட்டி ஒட்டி, ஊசி முனையால் பத்து விரல்களும் கீறினேன். நகம்கூட வைத்தேன்.

போகிற நாள் காலையில் காட்டினேன். கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இது ஆர்ட பிள்ளை?"

பத்து விரலையும் ஊசி முனையால் தொட்டுக் காட்டினேன்.

"அம்மாட வாய் பட்ட இடத்தையெல்லாம் மூடிப்போட்டாய், அண்ணா."

நல்லவேளை, அச்சு இருந்தது. அது எதையும் திருத்தவில்லை, தேய்ந்ததைத் தேய்ந்தபடியே வைத்திருந்தது. மறுபடி பிசைந்தேன். வாசலில் அவளை ஏற்றிப்போக வந்த வான் ஹோர்ன் அடிக்கிறது, மணல் பறக்கிறது, உள்ளங்கையில் புட்டி சூடேறுகிறது. கழற்றியபோது முழுதாய் இறுகியிருக்கவில்லை. விரல் வைக்காமல், வர்ணம் பூசாமல், ஒரு லேஞ்சித் துணியில் வைத்துக் கொடுத்தேன்.

வானுக்குள் ஏறியும் லேஞ்சியை மடியில் விரித்தபடியே வைத்திருந்தாள்.

"மூடிப் பிடிக்காத. இன்னும் காயேல்ல," என்றேன்.

"ஓம், தெரியும்."

கதவு இழுபட்டது. ஜன்னலால் தலையை நீட்டினாள்.

"நத்தாருக்கு நீ முத்தி செஞ்சிட்டு எனக்குப் போனில கோல் எடு, அண்ணா. அதுவரைக்கும் நான் முத்தி செய்யாமப் பொறுத்திருப்பன். அம்மாட முறை இனி உன்ட."