சொஜ்ஜி, பஜ்ஜி உண்டு

ராஜாம்பாள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்று அரசாங்கம்தான் சொன்னது. ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனித் தேர் என்றைக்கு, சபாவில் இன்று யார் பாட்டு, தேருக்காக டவுண் பஸ்ஸை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்று கீழ ரத வீதியிலுள்ள அவள் வீட்டுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிப்போனதைப் பார்த்த மகள் ப்ரீத்தி, ஒருநாள் அம்மாவின் போனில் ஒரு காலண்டரைத் தொடங்கி, அதைப் பொதுவாக்கி, இணைப்பை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டாள். இணைப்பைத் தட்டிச் சேர்ந்துகொண்டால் போதும். ராஜாம்பாள் இங்கே எழுதுவது அவர்கள் போனில் தானாகப் போய் உட்காரும். இவள் மாற்றினால் அங்கேயும் மாறும்.

டவுணிலும் வண்ணார்பேட்டையிலும் அதில் சேராத வீடு குறைவு. கோயில் விசேஷமோ, மாதா கோயில் கொடியேற்றமோ, மின்தடையோ, எதையும் விடமாட்டாள். நிகழ்ச்சியின் கடைசி வரியில், சாப்பிட என்ன கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுவாள். உபன்யாசம் யார் என்று பார்க்கிறவர்களைவிட சுண்டலா புளியோதரையா என்று பார்க்கிறவர்களே அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஊர் விஷயத்தை இப்படி ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வீட்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். ப்ரீத்திக்கு இரண்டு வரன்கள் கூடிவருவதுபோல வந்து கலைந்துவிட்டன. முன்கூட்டியே நாலு பேர் காதில் விழுந்ததுதான் காரணம் என்பது அவள் தீர்மானம். நிச்சயதார்த்தம் முடிகிறவரை மூச்சுவிடக் கூடாது. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதுதான் வழக்கம்.

மூன்றாவதாக வந்தது அம்பாசமுத்திரத்து வரன். பையனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "வரச் சொல்லும்மா" என்றாள் ப்ரீத்தி. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. இதுவும் தட்டிப்போனால் பெண் இனிமேல் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடமாட்டாள் என்று ராஜாம்பாள் பயந்தாள். பயத்தில் வெற்றிலை பாக்கைக்கூடப் பக்கத்துக் கடையில் வாங்காமல் பாளையங்கோட்டை போய் வாங்கிவந்தாள்.

அவள் போனில் காலண்டர் இரண்டு. ஒன்று ஊருக்கு, ஒன்று வீட்டுக்கு. சனிக்கிழமையன்று ஓர் உபன்யாசத்தை ஊர்க் காலண்டரில் ஏற்றிய கையோடு, ஞாபகத்துக்காக இன்னொன்றையும் எழுதினாள்: 'ஞாயிறு மாலை நாலு மணி. ப்ரீத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். நம் வீடு. சொஜ்ஜி, பஜ்ஜி.' எந்தக் காலண்டர் என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிவாக்கில் அவள் ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது ஜவுளிக்கடை அருணாசலம் போன் செய்தார்.

"என்னம்மா, சொஜ்ஜி பஜ்ஜின்னு போட்டிருக்கிய, பொண்ணு பாக்கதுக்கு எங்களையுமா கூப்பிடுதிய? இங்கன கடையில நாலு பேரு கெளம்பி நிக்காவ. வரவா, வேண்டாமா?"

ராஜாம்பாள் போனைத் துண்டித்தாள். அடுப்பை அணைத்தாள். போனில் அந்த வரியைத் தேடிப் பிடித்து அழித்தாள். அழித்தால் சேர்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் 'ரத்து' என்று போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மழைக்குக் கச்சேரி நின்றால் அப்படித்தான் தெரிவிப்பாள். அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

நாலு ஆயிற்று, ஐந்தும் ஆயிற்று. பஜ்ஜி ஆறிப்போயிற்று. ப்ரீத்தி பட்டுப்புடவையோடு உட்கார்ந்து பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பொறுக்கமுடியாமல் ராஜாம்பாள் பையனின் தாயார் ஞானம்பாளைக் கூப்பிட்டாள்.

"மாமி, கிளம்பிட்டேளா?"

"கிளம்பினோமே. சேரன்மாதேவி தாண்டறச்சே ரத்துன்னு போன்ல வந்துது. திரும்பிட்டோம்."

"உங்களுக்கு எப்படி..."

"நானும் உங்க காலண்டர்ல சேர்ந்திருக்கேனே! இப்படி ஊரறியப் போட்டிருக்காளே, மறைக்க ஒண்ணும் இல்லாத மனுஷான்னு இவர்ட்ட சந்தோஷமாச் சொல்லிண்டு வந்தேன். அப்புறம் பாத்தா ரத்து. பெண்ணுக்கு இஷ்டமில்லையோன்னு நெனச்சோம். போன் பண்ணிக் கேக்கவே கூசித்து."

ராஜாம்பாள் நடந்ததைச் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதேங்கோ. பிள்ளை மனசு ஒடிஞ்சு போயிருக்கான். எல்லாரும் பாக்க ரத்துன்னு வந்துடுத்து. போட்ட எடத்துலயே மறுபடி போடுங்கோ. அவன்ட்ட காமிச்சு அழைச்சுண்டு வரேன்."

போனை வைத்ததும் ராஜாம்பாளுக்கு அழுகை வந்தது. ப்ரீத்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"போடும்மா."

"ஊரே பாக்குமேடி. இதுவும் நின்னுபோச்சுன்னா?"

"ரத்தானதையும்தான் ஊர் பாத்துடுத்து."

ராஜாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காலண்டரைத் திறந்தாள். இந்தத் தடவை ஊர்க் காலண்டர்தானா என்று சரிபார்த்துக்கொண்டாள். 'அடுத்த ஞாயிறு மாலை நாலு மணி. என் பெண் ப்ரீத்தியைப் பார்க்க வருகிறார்கள்.' அதற்குமேல் கை ஓடவில்லை. பிறகு, கடைசி வரி எழுதாமல் எதையும் ஏற்றிப் பழக்கமில்லாததால், 'சொஜ்ஜி, பஜ்ஜி உண்டு' என்று அதையும் எழுதிச் சேமித்தாள்.

உடனே போன் அடித்தது. அருணாசலம்தான். அவர் வாயைத் திறக்குமுன்பே ராஜாம்பாள், "வாங்கோ" என்றாள்.