ஏரிக்கரையில் விழுந்த முதல் முடி

தோபா ஏரிக்குப் போன இரண்டாம் நாள் காலையிலிருந்தே மழை. சுமத்ராவில் இருக்கும் அந்த ஏரி, பழைய எரிமலை ஒன்று வெடித்து உண்டான பள்ளம் என்றும், எதிர்க்கரையில் இன்னொரு எரிமலை நிற்கிறது என்றும் என் கணவர் மலேசியாவில், எங்கள் கிள்ளானில் இருக்கும்போதே படித்து வைத்திருந்தார். விடுதி ஜன்னலில் எரிமலையும் இல்லை, எதிர்க்கரையும் இல்லை. வெள்ளையாக மழைதான் தெரிந்தது. படகு ஓடுமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு எரிமலையைவிட மகளின் தலைமுடிதான் கவலை. ஒன்றரை வயது ஆகப்போகிறது. குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, அவள் உயிரோடு வீட்டுக்கு வந்தால் முதல் முடியைப் பத்துமலை முருகனுக்கு இறக்குகிறேன், அதுவரை தலையில் கத்தி படாது என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் வீடுகளில் முப்பதாம் நாளே மொட்டை போட்டுவிடுவார்கள். இவளுக்குப் போடவில்லை. முதல் தைப்பூசத்தின்போது சளிக்காய்ச்சல் வந்து தள்ளிப்போனது. அடுத்த பூசத்துக்குச் சில வாரங்களே இருந்தன. முடி கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும். கிளிப் போட்டால் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்வாள்.

முதல் நாள் படகுத்துறையில் அலைச்சாரலில் நனைந்த அவள் தலை சரியாகக் காயவில்லை. ஈரம் நெஞ்சில் இறங்குமோ என்று இரவெல்லாம் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தேன். நேர்த்தியை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் முகம் வாடியிருக்குமே என்றும் தோன்றியது.

“மழைய நீ மொறச்சிக்கிட்டே இருந்தா அது வெக்கப்பட்டு நிக்கவா போகுது?” என்றார் கணவர். “ராத்திரி பூரா தூங்கல. படு லா. நான் பாப்பாவக் கீழ தூக்கிட்டுப் போறேன்.”

“ஈரக்காத்து தலையில படாமப் பாத்துக்குங்க.”

“சரிங்க டாக்டர்.”

கூரையில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. கண் அயர்ந்துவிட்டேன்.

மகளின் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். இறங்கிப் போனேன். விடுதிக்கார அம்மா அவளை மடியில் உட்கார வைத்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. அவர் கையில் சின்னக் கத்தரிக்கோல். மகளின் முன்முடி புருவத்துக்கு மேலே நேர்கோடாக நின்றது.

“பாருங்கள், இப்போதுதான் பிள்ளைக்குக் கண் இருப்பதே தெரிகிறது,” என்றார் சந்தோஷமாக. எங்கள் மலாயிலிருந்து கொஞ்சம் தள்ளிய மலாய் அது, ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. என் கணவர் படகு விசாரிக்கத் துறைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாளாம், பார்க்கப் பாவமாக இருந்ததாம்.

தரையில் உட்கார்ந்து முடியைப் பொறுக்கினேன். அக்கம்பக்கத்தாருக்கும் அந்த அம்மாதான் முடி வெட்டுவார் போல, நாற்காலிக் கால்களுக்கு அடியில் யார் யாருடைய முடியெல்லாமோ கிடந்தது. மெல்லியதாக, நுனி சுருண்டிருந்ததை மட்டும் எடுத்தேன். ஈரத்தில் விரலில் ஒட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேனா என்று சந்தேகம் வந்து, பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கணவர் நனைந்துகொண்டே வந்தார். “என்ன தேடுற?”

“முடிய வெட்டிட்டாங்க.”

அவர் மகளைப் பார்த்தார். “முன்னாலதான மா? பின்னால பூரா இருக்கே. முருகன் என்ன ஸ்கேல் வச்சா அளக்கப் போறாரு?”

நான் நிமிர்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஈரக் கால்சட்டையோடு பக்கத்தில் குந்தி, அவரும் பொறுக்க ஆரம்பித்தார்.

இரண்டு பேரும் தரையில் கிடப்பதைப் பார்த்து அந்த அம்மா பயந்துவிட்டார். பள்ளிக்கூட மலாயில் நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த சிலுவையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“உங்கள் சாமியிடம் சொல்லிவிடுங்கள். வெட்டியது நான், தாய்க்குத் தெரியாது. கோபம் இருந்தால் என்மேல் வரட்டும்.”

என்னைத் தேற்றுவதற்காக அவர் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னார். வேண்டாம் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் மேல் வராது என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது உண்மை. மறு நிமிஷம் அந்த அம்மாவை நினைத்துப் பயம் வந்தது. படகு ஓடாத அந்த நாள் முழுக்க, அவர் இருமினால்கூடத் திரும்பிப் பார்த்தேன்.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் மொட்டை போட உட்கார்ந்தோம். டிஷ்யூவில் மடித்து வைத்திருந்த முடியை மொட்டை போடுகிறவரிடம் நீட்டி, “அண்ணே, இதையும் சேத்துக்கலாமா?” என்றேன். “முன்னாடியே கொஞ்சம் வெட்டிட்டாங்க.”

அவர் தலை நிமிரவில்லை. காலால் வாளியை என் பக்கம் தள்ளினார். “போடுங்க லா. பிள்ளை தலைய ஆட்டாமப் புடிங்க.”

படியேறும்போது, யார் வெட்டியது என்று முருகனிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சந்தனம் பூசிய தலையோடு மகள் தோளில் கனத்தாள். சந்நிதியில் கூட்டம் தள்ளியது, நிற்க நேரம் கிடைக்கவில்லை. நான் தூங்கிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு, அந்த அம்மாவை ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்டுக்கொண்டேன்.