ஏசி ஒழுகியது, புதினா வாடியது

அம்மாப்பேட்டை பக்கம் நானும் கணவரும் அரிசி மில் நடத்துகிறோம். நிறம் மாறிக் கறுத்த அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷினுக்கு ஏசி அறை வேண்டும், சூடானால் நின்றுவிடும். போன அறுவடை நேரத்தில், அரிசி ஏற்ற லாரி வாசலில் நிற்கும்போது, சுவரில் மாட்டியிருந்த ஏசியிலிருந்து தண்ணீர் அந்த மெஷின் மேலேயே சொட்டியது.

பதறிப்போய் அந்த அறையின் மெயினை மட்டும் அணைத்தேன். போனில் மெக்கானிக், "வர நாலு நாளாகும்க்கா" என்றார். "இது அவ்வளவுதான், புதுசு வாங்கிடலாம்" என்றார் கணவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். ஏசித் தண்ணீர் வடியும் குழாய்க்கு அடியில் நான் வைத்திருந்த புதினா வாடிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் குழாய் வாயில் துணி கட்டியிருக்கிறது.

"என்னங்க இது?"

"எலி, தூசி போகக் கூடாதுன்னு எல்லாக் குழாய்க்கும் கட்டுறதுதானே. அதுக்கும் நான்தான் கட்டினேன்."

மில்லில் அது வழக்கம்தான். ஆனால் இது தண்ணீர் வெளியேற வேண்டிய குழாய். துணியை அவிழ்த்தும் ஒன்றும் வரவில்லை. மில்லைச் சுத்தம் செய்யும், தண்ணீரையும் இழுக்கும் வேக்குவம் கிளீனரைக் குழாயில் வைத்து இழுத்தேன். தண்ணீரோடு கலந்து கூழாகி அடைத்திருந்த தவிடு முழுக்க வந்தது. ஃபில்டரில் அடை மாதிரி படிந்திருந்ததையும் கழுவினேன். எல்லாம் துடைத்துக் காய்ந்தபின் ஏசியைப் போட்டோம். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. சாயங்காலமே லாரி கிளம்பியது.

நாலு நாள் கழித்து மெக்கானிக் வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இப்போது வாரம் தவறாமல் ஃபில்டரைக் கழுவுகிறேன். மத்தியானம் புதினாத் தொட்டியில் கை வைத்துப் பார்ப்பேன். மண் ஈரமாக இருந்தால் நிம்மதி. கணவர் இன்னமும் குழாய்களுக்குத் துணி கட்டுகிறார். "இதுக்குக் கட்டலாமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு.