குல்சிராவின் ஈரல் துண்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அந்த ஸ்கேன் மெஷினைப் பாருங்கள். படம் இன்னும் அதில்தான் இருக்கிறது. நான் ஈரல் மாற்று அறுவை செய்கிற டாக்டர். யாராவது பேய் என்று ஆரம்பித்தால், "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லி வாயை அடைப்பேன். ஒன்பது வருடத்துக்கு முன், எங்கள் அல்மாத்தி நகரத்தில், ஒரு ஜனவரி ராத்திரியோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

செரிக்பாய் என்று ஒரு லாரி டிரைவர். ஈரல் கெட்டு, சாகக் கிடந்தான். மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது. அவனுடைய அக்கா குல்சிரா தன் ஈரலில் பாதியைக் கொடுத்தாள். வெட்டி எடுத்ததும் நான், அவனுக்கு வைத்துத் தைத்ததும் நான். ஈரல் கொடுத்தவர்களுக்கு மிச்சம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பத்தாம் நாள் அளவு ரொம்ப முக்கியம். குல்சிராவோ ஒன்பதாம் நாளே மூட்டையைக் கட்டிவிட்டாள்.

"இன்னும் ஒரு நாள் இருந்தா குடியா முழுகிப் போயிடும்?" என்று கத்தினேன்.

"மாடு கன்னு போடுற நேரம் டாக்டர். அப்புறமா வந்து படுத்துக்கறேன், ஆசை தீர அளந்துக்குங்க" என்று சிரித்தாள். மத்தியானம் புருஷனோடு காரில் கிளம்பிவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்கு ட்யூட்டி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சரியாக மணி 2:10. ஸ்கேன் அறைக் கதவை யாரோ தட்டினார்கள். டொக்... டொக்...

குல்சிரா நின்றாள்.

"ஊருக்குப் போக முடியல டாக்டர். அளக்கணும்னீங்களே... அளந்துடுங்க."

பனியில் ரோடு அடைபட்டுத் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். பத்தாம் நாள் அளவு கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம் வேறு. படுக்கச் சொன்னேன். அவள் கோட்டில் ஒரு துளி ஈரம் இல்லை. பூட்ஸில் பனி இல்லை. பார்த்தேன்... ஆனால் யோசிக்கவில்லை.

வயிற்றில் கருவியை வைத்தேன். ஈரல் தெரிந்தது. நான் போட்ட கிளிப்புகள்கூடத் தெரிந்தன. 2:19க்குப் படத்தைச் சேமித்தேன். ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கப் பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் இல்லை.

மெஷின் மக்கர் செய்கிறது என்று என் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். புஸ்க்... புஸ்க்... புஸ்க்... நன்றாகத்தான் இருந்தது.

மறுபடி அவள் வயிற்றில்.

ஒன்றுமே இல்லை. என் விரல் பட்ட இடம் ஐஸ் மாதிரி இருந்தது.

"என்கிட்ட கேக்காது" என்றாள். "தம்பிகிட்ட போய்க் கேளுங்க. சீக்கிரம்."

நிமிர்ந்தேன்.

கட்டில் காலி.

மெஷினை உருட்டிக்கொண்டு ஓடினேன். 2:24. செரிக்பாய் விழித்திருந்தான். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

"புள்ளைங்க இருக்குக்கா... கொஞ்சம் பொறுக்கா..."

பிதற்றுகிறான் என்று நினைத்தேன். கருவியை வைத்தேன். ஈரலுக்குப் போகிற தமனியில் சத்தமே இல்லை. அடைத்துக்கொண்டுவிட்டது. விடியும் வரை விட்டிருந்தால் ஈரலும் போயிருக்கும், ஆளும் போயிருப்பான்.

3:05க்குத் திரும்ப வயிற்றைத் திறந்தேன். தமனியை அடைத்த ரத்தக் கட்டியை எடுத்தேன். 5:40க்கு அந்தச் சத்தம் கேட்டது. புஸ்க்... புஸ்க்... கூச்சப்படாமல் அழுதேன்.

வெளியே வந்தபோது நர்ஸ் ஷோல்பான் முகம் வெளுத்து நின்றாள்.

"குல்சிராவோட வீட்டுக்காரர் போன் பண்ணாரு டாக்டர். நேத்து சாயங்காலம் நாலு இருபதுக்கு கார் சறுக்கி... அந்த இடத்துலயே போயிட்டாங்களாம். தம்பிகிட்ட சொல்லிடாதீங்கன்னு அழுவறாரு."

நோயாளியிடம் சாவுச் செய்தியை யாரும் சொல்ல மாட்டார்கள், எங்கள் வழக்கம் அது. உடம்பு தேறியதும் பெரியவர்கள் கூடிவந்து, சுற்றி வளைத்துப் பக்குவமாகச் சொல்வார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. நான் படம் எடுத்த நேரத்தில், அவள் உடம்பு முன்னூறு கிலோமீட்டர் தள்ளி அவள் ஊரில் கிடந்தது.

மூன்று வாரம் கழித்துப் பெரியவர்கள் வந்தார்கள். பேச்சை ஆரம்பிக்கும் முன்பே செரிக்பாய் கையைத் தூக்கினான்.

"தெரியும். அன்னிக்கு ராத்திரி அக்கா வந்துச்சு. 'நாளைக்கு என்னை மண்ணுக்குள்ள வைக்கிறாங்க. முழுசாப் போகணும்டா, என் துண்டைக் குடு'ன்னு கேட்டுச்சு. கால்ல விழுந்தேன். 'சரி, மூத்தவளைக் கட்டிக் குடுக்கிற வரைக்கும் வச்சுக்க'ன்னு சொல்லிட்டு டாக்டரைக் கூப்பிடப் போச்சு."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். ஒரு சோதனையிலும் ஒரு குறை வந்ததில்லை. நேற்று அவனிடமிருந்து போன் வந்தது.

"மூத்தவளுக்குக் கல்யாணம் டாக்டர். வர்ற சனிக்கிழமை பொண்ணை அனுப்பி வைக்கிறோம். விருந்துக்கு வந்துடுங்க."

வாழ்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இல்ல டாக்டர்... நீங்க வர வேணாம். அன்னிக்கு ராத்திரி ட்யூட்டி எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டுவிட்டேன்.